ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் சஸ்பென்ஷன்: பளபளன்னு இருந்தா அது ஒரிஜினல் இல்ல

மத்த பழைய கார்ல எல்லாம் பானெட்டைத் தூக்கினா எஞ்சின் தெரியும், ரேடியேட்டர் தெரியும், அவ்ளோதான். ஹெரால்ட்ல அப்படி இல்ல. பானெட்டு, ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் ஒரே துண்டா முன்னாடி பக்கமா சாய்ஞ்சு திறக்கும், திறந்த உடனே முன் சக்கரம், அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் ராக், சேஸிஸோட (அடிச்சட்டத்தோட) மூக்கு வரைக்கும் எல்லாமே கண்ணு முன்னாடி வந்து நிக்கும், டயர் மேல உக்காந்துகிட்டே எஞ்சின் வேலை பாக்கலாம். அதனாலதான் இந்த வண்டியில சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தை வண்டியோட சேர்த்து குலுக்கலைத் தாங்கற அமைப்பை, ஏனோதானோன்னு விட்டுற முடியாது. வெளிய பெயிண்ட் எவ்ளோ அருமையா இருந்தாலும் பானெட்டைத் திறந்தா அடுத்த நிமிஷம் குட்டு வெளிப்பட்டுடும்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்னணி. டிரையம்ஃப் ஹெரால்ட் 1959ல இங்கிலாந்துல கவன்ட்ரியில வந்தது, டிசைன் பண்ணது இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கலோட்டி. அந்தக் காலத்துல மத்த கம்பெனிங்க எல்லாம் தனி சேஸிஸை விட்டுட்டு பாடியும் சேஸிஸும் ஒண்ணா இருக்கற மாதிரி மாறிக்கிட்டு இருந்தாங்க, ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்கு பாடி அடிச்சு குடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிடுச்சு, அதனால இவங்க தனி சேஸிஸ் போட்டு, பாடியை துண்டு துண்டா போல்ட்டு போட்டு மாட்டற மாதிரி ஹெரால்டை பண்ணாங்க. அது நம்மூருக்கு வசதியா போச்சு, பெட்டியில பாகங்களா வந்தா இங்க கோர்த்து வண்டி ஆக்கிடலாம். 1961ல மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்னு போட ஆரம்பிச்சாங்க, 948 சிசி எஞ்சின், வண்டலூர் பக்கத்துல ஃபேக்டரி. அம்பாசிடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய், ஹெரால்ட் நம்ம வண்டி. என்னது மார்க் 2, ரெண்டு கதவு. கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில ஓரமா இடம் வாங்கி நிறுத்தியிருக்கேன், பாடி வேலை இப்போதைக்கு தொடல, முழுக்க முழுக்க சஸ்பென்ஷன்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த வேலையை ஆரம்பிச்சப்ப பாத்த ரெஸ்டோரேஷன் வண்டிங்க பலதுல ஒரே மாதிரி ட்ரீட்மென்ட்தான் பாத்தேன். எல்லா பார்ட்டையும் கழட்டி மொத்தமா சேண்ட் பிளாஸ்டிங்குக்கு குடுத்து, திரும்ப வந்ததும் எல்லாத்துக்கும் ஒரே கருப்பு பவுடர் கோட்டிங், போல்ட்டு எல்லாம் தங்கக் கலர்ல பிளேட்டிங், ஆர்ம் ஆடற மூட்டுல இருக்கற ரப்பர் புஷ்ஷுக்கு பதிலா சிவப்பு பாலியூரித்தேன் புஷ். பாக்க கண்ணைப் பறிக்கும், நான் மறுக்கல. ஆனா எந்த ஃபேக்டரியும் வண்டியை அப்படி வெளிய அனுப்பல. காய்ச்சி அடிச்சு செஞ்ச ஃபோர்ஜிங் பார்ட்டுக்கு ஒரு தோற்றம், தகட்டை அழுத்தி செஞ்ச ஆர்முக்கு ஒரு தோற்றம், லேத்துல கடைஞ்ச இடத்துக்கு ஒரு தோற்றம், பித்தளைக்கு ஒண்ணு, போல்ட்டுக்கு ஒண்ணு. இது அஞ்சும் பக்கத்து பக்கத்துல இருக்கறதுதான் அந்தக் காலத்து வண்டியோட முகம். எல்லாத்துக்கும் ஒரே பளபளப்பைப் பூசினா எந்த பார்ட் எப்படி செஞ்சாங்கன்ற அடையாளமே போயிடுது.

பட்டறைக்கார அண்ணா, ஹெரால்டு, அம்பாசிடர்லயே தலை நரைச்சவரு, மொதல்ல இதை ஒத்துக்கல.

"ஏனுங்க தம்பி, இவ்ளோ மெனக்கெடறீங்க, பவுடர் கோட்டிங் குடுத்துட்டா பத்து வருசத்துக்கு துருவே புடிக்காதுங்களே."

"இல்லீங்ண்ணா, புது வண்டி ஷோரூம்ல இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வேணுங்க. அப்ப பவுடர் கோட்டிங் இல்லீங்களே."

கொஞ்ச நேரம் கீழ் ஆர்மையே பாத்துட்டு இருந்தாரு. "புது வண்டி வந்தப்ப நாம் பாத்திருக்கேனுங்க. கீழ இவ்ளோ மினுமினுப்பெல்லாம் இருக்காது. கருப்பு வடிஞ்சிருக்கும், ஓரத்துல சொட்டு நிக்கும்."

அந்த சொட்டுதான் எனக்கு வேணும்னு சொன்னேன். அன்னைல இருந்து அவரே என்னைவிட பிடிவாதமா ஆயிட்டாரு.

இந்த எண்ணம் நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவுல கொர்வெட்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார், அந்த வண்டிக்காரங்க 1974ல ஆரம்பிச்ச நேஷனல் கொர்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டில இதை ஒரு ஒழுங்காவே வெச்சிருக்காங்க. அங்க ஜட்ஜ் பாக்கறது வண்டி எவ்ளோ அழகா இருக்குன்னு இல்ல, ஃபேக்டரிய விட்டு வெளிய வந்தப்ப எப்படி இருந்துச்சோ அதுக்கு எவ்ளோ நெருக்கமா இருக்குன்னுதான், ஃபேக்டரியில பெயிண்ட் மேடுபள்ளமா இருந்த இடத்துல கண்ணாடி மாதிரி தேய்ச்சு வெச்சா மார்க் குறையும், மேல் வரிசை அவார்டுக்கு 94 சதவீதம் வேணும். நமக்கு அந்த மாதிரி ஹெரால்டுக்கு ஒரு கையேடு கையில இல்ல. கையில இருக்கறது வண்டி மட்டும்தான், அதைத்தான் படிக்கணும்.

படிக்கறதுன்னா, மொதல் வேலை கழுவாம இருக்கறது. அறுபது வருஷத்து கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லு மாதிரி இறுகி இருக்கும் பாருங்க, அதைப் பாத்தா எல்லாருக்கும் உடனே வயர் பிரஷ்ஷை ட்ரில்லுல மாட்டி ஓட்டத்தான் தோணும். அந்த அழுக்குதான் உள்ள இருக்கற ஒரிஜினல் பெயிண்டை காத்து, தண்ணி படாம காப்பாத்தி வெச்சிருக்கு. அதனால வயர் பிரஷ், பிளாஸ்டிங், காஸ்டிக் எதுவும் கிட்ட வரக்கூடாது. டீசல்ல ஊறப்போட்டு, மரக்குச்சி இல்லன்னா பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் வெச்சு பட்டை பட்டையா எடுக்கணும், ஒவ்வொரு பட்டை வரும்போதும் போட்டோ, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள் வெச்சு எடுத்தா கலர் பின்னாடி குழப்பாது.

என் வண்டியில இடது பக்க கீழ் ஆர்ம் உள்பக்கம் சேஸிஸ் பிராக்கெட்டை ஒட்டின இடத்துல ஒரு உள்ளங்கை அளவுக்கு மண் இறுகி இருந்துச்சு. அதை எடுத்தப்ப கீழ பெயிண்ட் அப்படியே இருந்துச்சு. கருப்புதான், ஆனா இப்ப ஸ்பிரே கேன்ல வர்ற ஜெட் கருப்பு இல்ல, கொஞ்சம் பழுப்பு அடிக்கற கருப்பு, வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா பாதி மினுமினுப்பு. ரொம்ப மெல்லிசு, அடியில தகட்டோட அச்சு கோடெல்லாம் தெரியுது. ஆர்மோட கீழ் ஓரத்துல பெயிண்ட் வடிஞ்சு வரிசையா சின்னச் சின்ன மணியா உறைஞ்சு நிக்குது, ஒரு போல்ட் ஓட்டையோட கீழ் விளிம்புல மட்டும் பெருசா ஒரு சொட்டு. அதை வெச்சே அந்த ஆர்மை எந்தப் பக்கம் தலைகீழா தொங்கவிட்டு பெயிண்ட் வடிய விட்டிருக்காங்கன்னு சொல்லிடலாம். நகத்தால அந்த சொட்டை தடவிப் பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, மெட்ராஸ் ஃபேக்டரியில யாரோ ஒருத்தர் கொக்கியில மாட்டின பார்ட் அது.

கழட்டும்போது இன்னொரு விஷயத்துல கவனம் வேணும். கீழ் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஷிம்னு சொல்ற மெல்லிசான இடைத்தகடு இருக்கும், சக்கரத்தோட சாய்வை அதை வெச்சுத்தான் சரி பண்ணுவாங்க. எந்த போல்ட்டுல எத்தனை ஷிம் இருந்துச்சுன்னு தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைங்க. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டிட்டா அலைன்மென்ட்டை மறுபடி அடியில இருந்து தேடணும். அப்புறம் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா சேர்ந்து வரும், அதுல மேல் நட்டை ஸ்பிரிங் கம்ப்ரெஸர் மாட்டாம அவுக்கவே கூடாது, அமுங்கி இருக்கற ஸ்பிரிங் ஆளை அடிச்சுடும்.

துரு எடுக்கறதுக்கு வருவோம். லேசான துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும், மளிகைக் கடையில கிடைக்கறதுதான், வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு பார்ட்டை முக்கி வெச்சு அப்பப்ப எடுத்து பழைய டூத் பிரஷ்ல தேய்க்கணும், எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணியில அலசி உடனே வெயில்ல காயவெச்சு எண்ணெய் தடவிடணும், இல்லன்னா கண்ணு முன்னாடியே மறுபடி ஆரஞ்சு கலர் பூக்கும். அழுத்தமான துருவுக்கு வாஷிங் சோடா தண்ணியில பேட்டரி சார்ஜர் வெச்சு கரண்ட் குடுக்கற முறை நல்லா வேலை செய்யும், இரும்பை தின்னாம துருவை மட்டும் தள்ளிடும். அதுல எதிர்ப்பக்கம் போடற தகடு சாதா இரும்பா இருக்கணும், எவர்சில்வர் போடவே போடாதீங்க, அதுல இருந்து வர்ற குரோமியம் விஷம். காத்தோட்டமான இடத்துல செய்யணும், ஹைட்ரஜன் வாயு வரும். இந்த ரெண்டு முறையும் ஸ்பிரிங்குக்கு கிடையாது, ஹை டென்சைல் போல்ட்டுக்கும் கிடையாது. கடினமான ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் ஏறிடுச்சுன்னா அது வெளிய பாக்க நல்லா இருக்கும், ஒரு நாள் லோடு ஏறினதும் சொல்லாம கொள்ளாம உடையும். ஸ்பிரிங்குக்கு கையால தேய்க்கறதுதான் வழி.

பிளாஸ்டிங்கே வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா கரடுமுரடான மணல் ஃபோர்ஜிங் மேல பட்டா அந்த மேல்தோலோட தன்மையே மாறி எல்லாமே ஒரே சாம்பல் சொரசொரப்பா ஆயிடும். மணலுக்கு பதிலா கிளாஸ் பீட் (பொடிக் கண்ணாடி மணி) வெச்சு, கம்மி பிரஷர்ல, கடைஞ்ச இடத்தையும் மரையையும் டேப் போட்டு மூடிட்டு பண்ணா தாங்கும்.

இப்ப ஹெரால்டோட முக்கியமான பார்ட்டுக்கு வர்றேன், வெர்டிகல் லிங்க்கும் அதோட அடியில திருகி நிக்கற டிரன்னியனும். முன் சக்கரத்தை பிடிச்சுக்கிட்டு நிக்கற தூண்தான் வெர்டிகல் லிங்க், மேல ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும், கீழ பால் ஜாயிண்ட் கிடையாது, லிங்க்கோட அடி முனையில மரை போட்டிருக்கும், அது பித்தளை மாதிரி வெங்கலக் கலவையில வார்த்த டிரன்னியனுக்குள்ள திருகி உக்காரும், ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையிலயே திரும்பும். ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை, மாத்தி போட முடியாது. ஹெரால்ட் 25 அடி வட்டத்துல திரும்பும்னா, சக்கரத்தை அவ்ளோ தூரம் ஒடிச்சு திருப்பவிடறது இந்த அமைப்புதான். ஆல்ஃபோர்ட் அண்ட் ஆல்டர் கம்பெனி செஞ்ச இந்த லிங்க்கை ஸ்போர்ட்ஸ் கார் பண்ற லோட்டஸ் காரங்களே எலான் காருக்கு வாங்கி போட்டாங்க, அதைவிட பெரிய சர்ட்டிஃபிகேட் என்ன வேணும்.

இதோட உயிர் எண்ணெயில இருக்கு. டிரன்னியனுக்கு கியர் ஆயில், 90 நம்பர் இபி ஆயில்தான் போடணும்னு ஃபேக்டரி சொல்லுது, கிரீஸ் இல்ல. ஆனா எண்ணெய் ஏத்தற நிப்பிளைப் பாத்தா நம்ம ஆளுங்க கை தன்னால கிரீஸ் கன்னுக்குதான் போகும். கிரீஸ் போட்டா அது மரையோட அடி வரைக்கும் சரியா போகாது, நாளாக நாளாக இறுகிடும், தண்ணி உள்ள தங்கும், மரையோட மேல் முனையில துரு குழி விழும், அந்தக் குழியில இருந்து விரிசல் கிளம்பி ஒரு நாள் வண்டியை பார்க்கிங்ல ஒடிச்சு திருப்பும்போது லிங்க் முறிஞ்சு சக்கரம் மடங்கி படுத்துடும். நிறைய ஹெரால்டு அப்படி படுத்திருக்கு, பட்டறை அண்ணாவே பல வண்டிய அப்படி இழுத்துட்டு வந்திருக்காராம்.

அதனால தோற்றம் கீற்றம் எல்லாம் ரெண்டாவது, மொதல்ல விரிசல் செக். டை பெனட்ரன்ட்னு மூணு கேன் செட்டா கிடைக்கும். மொதல் கேன்ல சுத்தம் பண்ணி, சிவப்பு சாயத்தை அடிச்சு ஊற விட்டு, துடைச்சு எடுத்துட்டு, மூணாவது கேன்ல இருக்கற வெள்ளை பவுடரை அடிச்சா விரிசல் இருந்தா வெள்ளையில சிவப்பு கோடா எழும்பி வரும். மரை முடிஞ்சு தண்டு ஆரம்பிக்கற இடத்தைத்தான் பூதக்கண்ணாடி வெச்சு பாக்கணும். என் வலது பக்க லிங்க்ல முடி மாதிரி ஒரு சிவப்பு கோடு வந்துச்சு, அரை வட்டத்துக்கு. ஃபோர்ஜிங் நம்பர் தெளிவா இருக்கற அழகான லிங்க் அது, வேற பேச்சே இல்ல, அது ஷெல்ஃபுக்கு போயிடுச்சு, வேற வண்டியில இருந்து நல்ல லிங்க் ஒண்ணு தேடி அதையும் இதே மாதிரி செக் பண்ணித்தான் எடுத்தேன். பவுடர் கோட்டிங் மேல எனக்கு இருக்கற கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம். தடியான பிளாஸ்டிக் தோல் மாதிரி அது மேல உக்காந்துட்டா அடியில விரிசல் ஓடினாலும் வெளிய தெரியாது, மெல்லிசான பெயிண்டுன்னா துரு கசிஞ்சு கோடு காட்டிக் குடுத்துடும்.

டிரன்னியனை எப்பவும் பஃபிங் வீல்ல குடுத்து தங்கம் மாதிரி பாலிஷ் போடாதீங்க. அது வார்ப்பு, வெளிப்பக்கம் மணல் அச்சோட சொரசொரப்பு இருக்கும், கடைஞ்ச முகம் மட்டும்தான் வழவழப்பா இருக்கும். கிரீஸ் போனப்புறம் புளி கரைச்சு தேய்ச்சேன், அம்மா பித்தளைப் பாத்திரம் துலக்கற அதே புளிதான், பச்சை, கருப்பு எல்லாம் போயி அந்த சொரசொரப்பு அப்படியே நின்னுச்சு. நல்லா தண்ணியில அலசி காயவெச்சு மரையில ஆயில் விட்டுட்டா போதும், வெளிய எந்த லாக்கரும் வேண்டாம், கொஞ்ச நாள்ல மங்கி பழுப்பாகும், அதான் சரி. திரும்ப மாட்டும்போது மரையை கடைசி வரைக்கும் ஏத்திட்டு, ரெண்டு பக்கமும் ஸ்டியரிங் முழுசா திரும்பற அளவுக்கு பின்னாடி இறக்கணும், முட்டு இறுக்கமா விட்டா திரும்பும்போது மரை மேல பாரம் விழும். மேல இருக்கற ரப்பர் சீல் புதுசு போடணும், ஆயில் தங்கறதும் தண்ணி வராம இருக்கறதும் அது கையிலதான்.

சரி, கருப்பு பெயிண்ட். எத்தனை கருப்பு இருக்குன்னு இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் கண்ணு திறந்துச்சு. மண்ணுக்கு அடியில கிடைச்ச அந்த உள்ளங்கை அளவு ஒரிஜினலை பக்கத்துல வெச்சுக்கிட்டு, சாதா சிந்தடிக் எனாமல் கருப்புல துளி பழுப்பு சேர்த்து, மேட் கொஞ்சம் கலந்து, தகட்டுத் துண்டுல அடிச்சு அடிச்சு காயவெச்சு வெயில்லயும் நிழல்லயும் பாத்தோம். காஞ்சப்புறம்தான் மினுமினுப்பு நிஜமா தெரியும், ஈரத்துல எல்லா கருப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். கலர் அமைஞ்சதும் தின்னர் விட்டு தண்ணியா ஆக்கி ஒரு டின்ல ஊத்தி ஆர்மை அப்படியே முக்கி எடுத்து, பழைய சொட்டு எந்த ஓட்டைக்கு கீழ இருந்துச்சோ அந்தப் பக்கம் கீழ வர்ற மாதிரி கம்பியில தொங்கவிட்டோம். வடிஞ்சுது, ஓரத்துல மணி கட்டுச்சு, ஓட்டைக்கு கீழ பெருசா ஒரு சொட்டு நின்னுச்சு. அண்ணா கையைக் கட்டிக்கிட்டு பாத்துட்டு "இப்ப சரிங்க தம்பி"ன்னாரு. ஸ்பிரே கன்ல எவ்ளோ கைதேர்ந்த பெயிண்டர் அடிச்சாலும் இது வராது, ஸ்பிரேல பெயிண்ட் எல்லா இடத்துலயும் சமமா போயி உக்காரும்.

ஆர்முக்கு அடியில துருவுக்கு பாதுகாப்பு வேணும்தான், வண்டிய மழையில ஓட்டுவேன். அதுக்கு பெயிண்டுக்கு மேல மெழுகு கலந்த கோட்டிங் மெல்லிசா ஒரு கை, வருஷம் ஒரு தடவை திரும்ப. கண்ணுக்கு தெரியாது, வேணும்னா டீசல்ல துடைச்சா போயிடும்.

போல்ட்டு நட்டு விஷயத்துல நம்மூர்ல இருக்கற வசதி வேற எங்கயும் இல்லன்னே சொல்வேன். ஆட்டோமொபைல் பார்ட்ஸ் செய்யற கம்பெனிங்க கோயம்புத்தூர், ஓசூர், சென்னை பக்கம் இவ்ளோ இருக்கறதால பாஸ்பேட்டிங், அதாவது இரும்பு மேல துரு தடுக்கற பாஸ்பேட் படலம் ஏத்தறது, பண்ற யூனிட் நிறைய. ஜிங்க் பாஸ்பேட்னா வெளிர் சாம்பல், மாங்கனீஸ் பாஸ்பேட்னா ஆழமான கரும் சாம்பல், ரெண்டும் எண்ணெயை உறிஞ்சி வெச்சுக்கும், வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்காது. என் வண்டியில கிரீஸுக்கு அடியில தப்பிச்ச போல்ட்டுத் தலைங்க எல்லாம் அந்த கரும் சாம்பல்தான், மஞ்சள் தங்கக் கலர் ஒண்ணுகூட இல்ல. மாதிரிக்கு ஒரு பழைய போல்ட்டை கையில கொண்டு போயி "இதே மாதிரி"ன்னு காட்டினா போதும், பக்கம் பக்கமா விளக்க வேண்டியதில்ல.

வெள்ளையா ஜிங்க் பிளேட்டிங் போட வேண்டிய பார்ட் இருந்தா, அது ஹை டென்சைல் போல்ட்டா இருந்தா, பிளேட்டிங் முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள அடுப்புல 200 டிகிரி பக்கம் வெச்சு பல மணி நேரம் வாட்டணும், உள்ள ஏறின ஹைட்ரஜன் அப்பதான் வெளிய போகும். இதை பிளேட்டிங் யூனிட்ல மொதல்லயே கேட்டு உறுதி பண்ணிக்குங்க, "அதெல்லாம் தேவையில்ல சார்"னு சொன்னா வேற இடம் பாருங்க. மரை பெரும்பாலும் யூஎன்எஃப், அதாவது அங்குலக் கணக்கு மரை, இப்ப கடையில கிடைக்கற மில்லிமீட்டர் போல்ட்டு கிட்டத்தட்ட பொருந்தற மாதிரி தெரியும், ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் மரையை தின்னுடும். முந்தின ஓனர் யாரோ அப்படி ஏத்தி வெச்ச ஒரு ஓட்டையை சரி பண்ணவே தனியா லேத்துக்கு போக வேண்டியதா போச்சு. சஸ்பென்ஷன்ல உயிரைத் தாங்கற போல்ட்டு பழசா இருந்தா தலையில இருக்கற அந்தக் காலத்து மார்க்குக்காக அதையே திரும்ப போடற ஆளு நான் இல்ல. புதுசு வாங்கி பாஸ்பேட் பண்ணி போட்டுடுவேன்.

பின்பக்கம் வேற உலகம். பின் சக்கரம் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், வண்டிக்கு குறுக்கால, பின் சக்கரங்களுக்கு சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியல் தலை மேல உக்காந்திருக்கும், ரெண்டு பக்கமும் ஆக்ஸில் தனித்தனியா மேல கீழ ஆடும், ஸ்விங் ஆக்ஸில்னு சொல்வாங்க. ஜாக்கி போட்டு தூக்கினா பின் சக்கரம் ரெண்டும் அடிப்பக்கம் உள்ளுக்கு மடங்கி தொங்கறதைப் பாத்து பயந்தவங்க நிறைய பேரு, அது ரிப்பேர் இல்ல, அமைப்பே அப்படித்தான். வளைவுல வேகமா போயி சட்டுனு ஆக்ஸிலரேட்டரை விட்டா வால் ஆட்டும், அதுவும் உண்மைதான். நம்மூர் ரோட்டுலயும் நம்மூர் மெக்கானிக் கையிலயும் இது தொந்தரவா இருந்ததாலதான் 1972ல வந்த ஸ்டாண்டர்ட் கெஸல்ல இதை எடுத்துட்டு சாதா ஒத்தை ஆக்ஸில் போட்டாங்க.

அந்த லீஃப் ஸ்பிரிங்கை பட்டை பட்டையா பிரிச்சு, பட்டைக்கு நடுவுல இருக்கற துருவை உப்புத்தாள் வெச்சு எடுத்து, கிராஃபைட் கிரீஸ் பூசி திரும்ப அடுக்கணும். வெளிப்பக்கம் அதே கருப்பு, அடுக்கினப்புறம் அடிச்சாதான் பட்டைகளுக்கு நடுவுல பெயிண்ட் இழுத்த கோடு இயல்பா வரும், ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியா பெயிண்ட் பண்ணி அடுக்கினா கட்டுக்கட்டா பொம்மை மாதிரி தெரியும். ஸ்பிரிங் இறங்கி போயிருந்தா வளைவை ஏத்தறதுக்கு நல்ல பட்டறை ஆளா பாத்து குடுக்கணும். சூடு பண்ணி வளைக்கறவரு அப்புறம் முறையா குளிரவெச்சு பதம் ஏத்தறவரா இருக்கணும், வெறுமனே சிவக்க காய்ச்சி வளைச்சு குடுத்தா ரெண்டு மாசத்துல பழையபடி படுத்துடும். ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியலோட பிடிக்கற நட்டுக்கு பின் சீட்டுக்கு பின்னாடி ஒரு மூடி இருக்கு, அதைத் திறந்தா கை போகும், இது தெரியாம அடியில இருந்து மல்லுக்கட்டறவங்களுக்காக சொல்றேன்.

புஷ் ரப்பர்தான் போடறேன். சிவப்பு பாலி புஷ் உழைக்கும், ஆனா பானெட்டைத் திறந்ததும் மொதல்ல கண்ணுல குத்தறது அதுதான், ஓட்டும்போதும் வண்டி கல்லு மாதிரி அடிக்கும். ரப்பர் புஷ் மாட்டினா அதோட போல்ட்டை வண்டி தூக்கி நிக்கும்போது இறுக்காதீங்க. சக்கரம் தரையில ஊனி, வண்டியோட எடை முழுசா இறங்கினப்புறம்தான் கடைசி இறுக்கு, இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும், வண்டியும் ஒரு பக்கம் உயரமா நிக்கும்.

கடைசியா பெயிண்ட் மார்க் விஷயம். காயில் ஸ்பிரிங்ல எந்த பலம்னு அடையாளத்துக்கு ஒரு கலர் தீற்று, போல்ட்டு இறுக்கி செக் பண்ணதுக்கு ஒரு புள்ளி, அந்தக் காலத்து ஃபேக்டரிங்கள்ல இதெல்லாம் வழக்கம். வெளிநாட்டு ரெஸ்டோரேஷன் போட்டோவைப் பாத்து அதே மாதிரி நாலு கலர்ல புள்ளி வெக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. டெட்ராய்ட்ல வெச்ச புள்ளி மெட்ராஸ்ல வெச்சிருப்பாங்கன்னு நாமளா முடிவு பண்ண முடியாது. என் இடது பக்க ஸ்பிரிங்ல மேல இருந்து ரெண்டாவது சுத்துல பிரஷ்ஷால இழுத்த மாதிரி மங்கின வெள்ளைத் தீற்று ஒண்ணு இருந்துச்சு, முழுசா இல்ல, பாதி உதிர்ந்து. வலது பக்கம் அதே இடத்துல துரு, ஒண்ணும் மிச்சமில்ல. போட்டோ, அளவு எல்லாம் எடுத்துக்கிட்டு, இடது பக்கத்துல அதே இடத்துல அதே அகலத்துல மறுபடி இழுத்தேன், ஸ்பிரிங் ரெண்டும் ஒரே ஜோடி, நீளமும் ஒண்ணாவே இருந்ததால வலதுலயும். அதுக்கு மேல ஒரு புள்ளிகூட சேர்க்கல.

முன்பக்கம் முடிஞ்சு வண்டி சக்கரத்துல நிக்குது, பின் ஸ்பிரிங் இப்ப பட்டறையில பிரிச்சு கிடக்கு, அடுத்து பின் சக்கரத்தை முன்ன பின்ன நகராம பிடிக்கற ரேடியஸ் ஆர்மும் பின் வெர்டிகல் லிங்க்கும். உங்க வீட்லயோ சொந்தக்காரங்க வீட்லயோ ஷெட்டுல ஹெரால்டு ஏதாவது தூங்கிக்கிட்டு இருந்தா, முக்கியமா கைபடாத மார்க் 2 இருந்தா, வாட்டர் வாஷ் விடறதுக்கு முன்னாடி பின் சக்கரத்துக்கு உள்பக்கம், ஸ்பிரிங் முனை போல்ட்டு இருக்கற இடத்தை டார்ச் அடிச்சு ரெண்டு போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்த போல்ட்டுத் தலை கருப்பா சாம்பலான்னு எனக்குத் தெரியணும், என் வண்டியில அது ஏற்கனவே மாத்தினது.